மூன்றாவது முடிச்சு

எங்கள் ஊர்க் கோயிலில் பிரசங்க பீடத்துக்கு மேலே, குழல்விளக்குச் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஒரு பல்லி வெகுகாலமாகக் குடியிருக்கிறது. சென்ற கார்த்திகையில், இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆராதனையின்போது, விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்த்துக்கொண்டிருக்க, அது மெல்ல வெளியே வந்தது. ஐயர் என்று நாங்கள் அழைக்கும் சபைப் போதகர் அப்போதுதான் பிரசங்க வசனத்தை வாசித்து முடித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பல்லி முதல் ஈசலைக் கவ்வியது. இறகுகள் வாயின் இருபுறமும் துருத்திக்கொண்டிருந்ததால் விழுங்கவும் முடியாமல் விடவும் மனமில்லாமல் சற்று நேரம் அசையாதிருந்தது. பிறகு தலையை ஒருமுறை உதறியது. உதிர்ந்த இறகொன்று சுழன்று சுழன்று இறங்கி, பீடத்தின் முன்னே தொங்கிய, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வெந்து காலத்து ஊதாத் துணியில் ஒட்டிக்கொண்டது. நான் ஈசல்களை எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்பது ஏழாவது ஈசலின்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிரசங்கம் அதற்குள் பாதியைத் தாண்டியிருந்தது.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வுபெற்றவன். ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்க்கும் பையனைப் பெயர் சொல்லி எழுப்பி, ‘நான் கடைசியாகச் சொன்னது என்ன?’ என்று கேட்பது என் வழக்கம். அன்று யாராவது அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருந்தால், நானும் அந்தப் பையனைப்போலவே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். வாரத்துக்கு ஒரு பிரசங்கம் என்று குறைத்துக் கணக்கிட்டாலும், விவரம் தெரிந்த 50 ஆண்டுகளில் 2,600 பிரசங்கங்கள் என் காதில் விழுந்திருக்கின்றன. லெந்து என்னும் தவக்காலக் கூட்டங்களும் கன்வென்ஷன் கூட்டங்களும் அடக்க ஆராதனைச் செய்திகளும் இந்தக் கணக்கில் சேராதவை. அவற்றுள் இன்று சாரத்தைச் சொல்லத்தக்க அளவுக்கு நினைவில் நிற்பவை இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். இந்தக் குறையை வெகுகாலம் பிரசங்கிகள்மேலேயே சுமத்திவந்தேன். அவர்கள் சரியாக ஆயத்தம் செய்வதில்லை, ஒரே கதையை மூன்று கோயில்களில் சொல்கிறார்கள், முடிக்க வேண்டிய இடம் தெரியாமல் சுற்றுகிறார்கள் என்பவை என் குற்றச்சாட்டுகள். அவற்றில் ஓரளவு உண்மையும் உண்டு என்பதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

ஆனால் கேட்கிறவன் செய்யும் தவறுகள் அதைவிட நுட்பமானவை. தமிழாசிரியனுக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. எங்கள் ஐயர் ‘கிருபையினால் வாழும் வாழ்க்கை’ என்பதை ‘வாளும் வாள்க்கை’ என்றே உச்சரிப்பார். முதல் வாளில் திடுக்கிடுவேன்; இரண்டாம் வாளில் மனத்துக்குள் சிவப்பு மைப் பேனாவை எடுத்துவிடுவேன். அதன்பின் ஒற்று மிகாத இடங்கள், ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடியும் வாக்கியங்கள், தவறாகப் பிரித்துப் பொருள் சொல்லப்பட்ட சொற்கள் என்று திருத்திக்கொண்டே போய், ஆசீர்வாதம் கூறும்போது நூற்றுக்கு நாற்பத்திரண்டு என்று மதிப்பெண்ணும் இட்டுவிடுவேன். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அரைமணி நேரமும் நான் மிகக் கூர்மையாகக் கவனித்துக்கொண்டிருந்ததாகவே எனக்குத் தோன்றும். காது திறந்திருந்தது உண்மை. அது விடைத்தாளைப் படிக்கும் காது.

இன்னொரு வகையும் உண்டு. பிரசங்கத்தை அடுத்தவனுக்காகக் கேட்பது. பெருமையைப்பற்றிச் சொன்னால் முன்வரிசைக் கமிட்டி உறுப்பினரின் பக்கம் கண் போகும். கடன் வாங்கித் திரும்பக் கொடாமையைப்பற்றிச் சொன்னால், ‘அந்த ஆள் இன்று ஏன் வரவில்லை?’ என்று வருத்தமாகக்கூட இருக்கும். வேதத்தில் இப்படிக் கேட்டவர்களுள் தலையானவர் தாவீது ராஜா. பிறன் மனைவியை எடுத்துக்கொண்டிருந்த அவரிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழையின் மடியிலே மகளைப்போல் வளர்ந்த ஒரே ஆட்டுக்குட்டியை ஐசுவரியவான் பிடித்துச் சமைத்த கதையைச் சொன்னபோது, தாவீது ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை. அவருடைய கோபம் கதையில் வரும் மனுஷன்மேல் மூண்டது, தீர்ப்பையும் சொல்லிவிட்டார். ‘நீயே அந்த மனுஷன்’ என்ற வார்த்தை வரும்வரை அவ்வளவு கவனமும் வேறொருவனை நோக்கியே இருந்தது. ஆகையால் கவனம் என்ற ஒன்று இருந்துவிட்டாலே போதும் என்று நினைப்பவர்கள் அந்த அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கலாம். யோவான் ஸ்நானனின் பேச்சை ஏரோது ‘விருப்பத்தோடே’ கேட்டுவந்தான் என்றும் மாற்கு எழுதியிருக்கிறார். அந்த விருப்பம் யோவானின் தலையைக் காப்பாற்றவில்லை.

கைப்பேசியைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வேதாகமச் செயலியைத் திறக்கப்போய் வாட்ஸ்அப்பில் நிற்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் கைப்பேசி வருவதற்கு முன் சபைகள் செவிசாய்த்து அமர்ந்திருந்தன என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், பேச்சுத்திறத்துக்காகப் ‘பொன்வாய்’ என்று பின்னாளில் போற்றப்பட்ட யோவான் கிறிசோஸ்தோம் அந்தியோகியாவில் ஆதியாகமத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது, பொழுது சாய, விளக்கேற்றுகிறவர் உள்ளே வந்தார். சபையார் அத்தனை பேரும் பிரசங்கியை விட்டு அவர் பக்கம் திரும்பிவிட்டார்கள். கிறிசோஸ்தோம் பிரசங்கத்தை நிறுத்தி, நான் வேதத்தின் விளக்கை ஏற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அந்த விளக்கைப் பார்க்கிறீர்களே என்ற பொருளில் கடிந்துகொண்டது, இன்றும் அந்தப் பிரசங்கத்தின் நடுவிலேயே பதிவாகி நிற்கிறது. அவ்வளவு பெரிய பேச்சாளருக்கே அந்தக் கதி என்றால், வாளும் வாள்க்கைக்காரரை நான் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பல்லியைப் பார்த்தவனும் நான் முதல் ஆள் அல்லேன். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரப் பேராயரான அகுஸ்தீன், தம் வாழ்வைக் கடவுள்முன் அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈ பிடிப்பதும் சிலந்தி தன் வலையில் விழுந்ததைச் சுற்றிக் கட்டுவதும் தம்மை இழுத்துவிடுகின்றன என்று ஒப்புக்கொள்கிறார். அவை சிற்றுயிர்கள்தானே என்று அதை அவர் தள்ளிவிடவில்லை. அவற்றைப் படைத்தவரைத் துதிப்பதில் தாம் போய் முடித்தாலும், பார்க்கத் தொடங்கியது அந்த நோக்கத்தோடு அல்ல என்கிறார். விழுந்தபின் விரைந்து எழுவது வேறு, விழாதிருப்பது வேறு என்றும் சொல்கிறார். 1,600 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பல்லியை நினைத்தபோது எனக்கு முதலில் ஆறுதலே உண்டாயிற்று. பேராயருக்கே அப்படியென்றால் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு என்ன?

அந்த ஆறுதல் வெகுநேரம் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தபின், வகுப்பில் பையன்களிடம் கேட்கும் கேள்வியைச் சற்று மாற்றி என்னிடமே கேட்டுப் பார்த்தேன்: கடைசியாகக் காதில் விழுந்த வார்த்தை எது? எந்த வார்த்தையில் நான் எழுந்து பல்லியிடம் போனேன்? யோசிக்க யோசிக்க விடை தெளிவாக வந்தது. அன்று வாசிக்கப்பட்டது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். ‘ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்தவந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ என்ற இடம்வரை என் காதில் விழுந்திருந்தது. ‘குறை உண்டென்று’ என்பதற்கு அப்பால் ஒன்றுமில்லை. அதற்கு அப்பால் ஈசல்தான்.

என் தம்பி அன்று எனக்கு மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். எங்கள் கோயிலில் ஆண்கள் ஒருபுறமும் பெண்கள் மறுபுறமுமாக அமர்வது வழக்கமாதலால், எட்டு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனுடைய பின்கழுத்து என் கண்முன்னேயே இருக்கிறது. காலருக்கு மேலே அவனுக்கு விழும் அந்த இரட்டை மடிப்பு அப்படியே அப்பாவின் கழுத்து. அப்பா இறப்பதற்குச் சில நாள் முன், கட்டிலில் படுத்தபடியே, எங்கள் இரண்டு வீடுகளுக்கும் இடையே கிணற்றுக்குப் போகும் 3 அடி அகலப் பாதை இருவருக்கும் பொது என்று எங்கள் இருவர் முன்னிலையிலும் சொன்னார். பின்னர் எழுதிய பாகப்பிரிவினைப் பத்திரத்தில் அந்த வரி விடுபட்டுப்போயிற்று. அளந்து பார்த்தபோது பாதை என் பக்கம் விழுந்தது. நான் மதில் எடுத்தேன். ‘அப்பா சொன்னாங்களே, அண்ணே’ என்று தம்பி வந்து கேட்டபோது, ‘எனக்கு அப்படி ஒன்றும் நினைவில்லை’ என்று சொன்னேன். நினைவு நன்றாகவே இருந்தது. அவன் வழக்குக்குப் போகவில்லை, ஊரைக் கூட்டவுமில்லை. பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

இதைக் கண்டுகொண்டபின், முந்தைய ஞாயிறுகளையும் நினைவிலிருந்து தோண்டிப் பார்த்தேன். பொய்ச்சாட்சியைப்பற்றிய பிரசங்கத்தில் தரையின் சிவப்பு ஓடுகளை எண்ணியிருக்கிறேன். தம்பி ஆபேலைக் கொன்ற காயீனின் கதை வந்த அன்று மின்கட்டணம் கட்ட மறந்தது நினைவுக்கு வந்திருக்கிறது. பகைத்துப் பிரிந்த அண்ணன் தம்பி ஏசாவும் யாக்கோபும் வந்தபோது, பிரசங்கியின் இலக்கணம் வழக்கத்தைவிட மோசமாகிவிட்டதாக எனக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளை வளர்ப்பைப்பற்றியும் தசமபாகத்தைப்பற்றியும் வந்த செய்திகளோ ஓரளவு நினைவில் நிற்கின்றன. அங்கே எனக்கு ஆபத்து ஏதுமில்லை. என் மனம் மேயப்போகும் மாடு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அது கல்லெறிபட்ட நாய். எந்தத் தெருவில் அடிபட்டதோ அந்தத் தெருமுனை வந்தவுடன் காதை மடக்கிக்கொண்டு வேறு பக்கம் ஓடுகிறது.

பாவம் கவனத்தைக் கெடுக்கிறது என்று பிரசங்கிகள் சொல்லும்போது, ஏதோ அழுக்கான நினைவுகள் நடுவே வந்து புகுந்துவிடுவதைத்தான் சொல்கிறார்கள் என்று எண்ணியிருந்தேன். அதுவும் உண்டுதான். ஆனால் என்னிடத்தில் பாவம் அழுக்கான வேடத்தில் வரவே இல்லை. ஈசலாகவும், மின்கட்டணமாகவும், சந்திப் பிழையாகவும், குற்றமற்ற வேடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. விதைக்கிறவன் உவமையில் விதையை நெருக்கிப்போடும் முள்ளுக்கு ஆண்டவர் சொல்லும் விளக்கம் ‘உலகக்கவலையும் ஐசுவரியத்தின் மயக்கமும்’ என்பது. கவலையும் மயக்கமும் ஒரே வேரில் முளைக்கும் முள் என்பது எனக்கு அந்தப் பாதையை வைத்தே விளங்கியது. 3 அடி நிலம் எனக்கு மயக்கமாகத் தொடங்கி, யாராவது அதைப்பற்றிப் பேசிவிடுவார்களோ என்ற கவலையாக முடிந்தது. எங்கள் பக்கம் சீமைக்கருவேலத்தை வெட்டினவர்களுக்குத் தெரியும்: மேலே வெட்டினால் அது இருமடங்காகத் தழைக்கும். கவனமாகக் கேட்கவேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் நான் எடுத்த தீர்மானங்கள் எல்லாம் மேலே வெட்டினவை.

இதை எழுதும்போது ஒரு தயக்கம் உண்டு. எல்லாச் சிதறலும் பாவத்தின் வேலை என்று நான் சொல்லவில்லை. இரவு முழுவதும் ஆலையில் நின்றுவிட்டு நேரே கோயிலுக்கு வருகிறவர், கைக்குழந்தையோடு வரும் தாய், சர்க்கரை நோய்க்காரர் ஆகியோருக்கு உடம்பே தடை. துரோவா பட்டணத்தில் பவுல் நடுராத்திரிவரை பேசிக்கொண்டிருக்கையில், ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்னும் வாலிபன் தூங்கி மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மாடியிலிருந்து, கீழே விழுந்த நிகழ்ச்சியைச் சொல்லி, ஞாயிறு பள்ளியில் எங்களைப் பயமுறுத்துவார்கள். அந்தப் பகுதியை இப்போது வாசித்தால் அதில் கண்டிப்பே இல்லை. அந்த மேல்வீட்டில் அநேக விளக்குகள் இருந்தன என்று லூக்கா குறித்திருப்பது, வெப்பத்தையும் புகையையும் நினைத்து அவனுக்காகச் சாட்சி சொன்னதுபோல் எனக்குப் படுகிறது. பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார், ஜனங்களைத் தேற்றினார், மேலே வந்து அப்பம் பிட்டு, விடியும்வரைக்கும் பேசினார். தூங்கினவனும் உயிரோடு திரும்பினான், பிரசங்கமும் தொடர்ந்தது.

என் சங்கதி தூக்கம் அல்லவே. அதைத் தெரிந்துகொண்ட முதல் வாரத்தில் நான் செய்தது, உள்ளே போகாமல் கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டது. ‘என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்’ என்ற 66-ஆம் சங்கீத வசனத்தை எடுத்து எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். மனம் சரியானபின் உள்ளே போகலாம் என்பது என் முடிவு. பார்ப்பதற்கு மிகுந்த பயபக்தியைப்போல் இருக்கும். உண்மையில் அதுவும் ஈசல்தான். மரத்தடியில் ஒலிபெருக்கி சரியாகக் கேட்பதில்லை என்பது எனக்குத் தெரியாததா? நோயாளி குணமானபின் வைத்தியரைப் பார்க்கிறேன் என்று சொல்வதை வேறு யாராவது செய்திருந்தால் நானே சிரித்திருப்பேன்.

நாங்கள் கையில் பிடித்திருக்கும் ஆராதனை முறைமையே இதற்குப் பதில் சொல்கிறது என்பதைப் பின்னர்தான் கவனித்தேன். 1662-ஆம் ஆண்டின் ஆங்கிலேயப் பொதுஜெப புத்தகத்தில், நற்கருணை ஆராதனையின் பாவ அறிக்கை பிரசங்கம் முடிந்த பின்னரே வரும். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் தனக்கென நற்கருணை முறைமையை அமைத்துக்கொண்டபோது, பாவ அறிக்கையை ஆயத்தப் பகுதிக்குள், வேதவாசிப்பும் பிரசங்கமும் அடங்கிய வசன ஊழியத்துக்கு முன்னால் வைத்தது. அதன் காரணத்தை அமைத்தவர்கள் என்ன சொல்லியிருந்தாலும் சரி, எனக்கு அதன் பயன் இதுதான்: பாவி என்று வாயால் சொல்லி, மன்னிப்பின் வார்த்தையைக் காதால் கேட்டபின்பே நான் பிரசங்கத்துக்கு உட்காருகிறேன். ஒளிக்க வேண்டியதை முன்னமே ஒப்புக்கொண்டவன் பிரசங்கியைக் கண்டு ஓட வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டுகளாக அந்த அறிக்கையை வாய்ப்பாடுபோல் ஒப்பித்திருக்கிறேன். ‘நினைவினாலும் சொல்லினாலும் செயலினாலும்’ என்று சொல்லும்போது ஒரு நாளாவது அந்த 3 அடிப் பாதையைச் சொன்னதில்லை.

எங்கள் ஆச்சிக்கு எழுத்து தெரியாது. பாட்டுப் புத்தகத்தைக்கூடத் தலைகீழாகப் பிடித்திருப்பாள். ஆனால் பிரசங்கம் கேட்பதில் அவளைப்போல் ஒருவரை நான் கண்டதில்லை. பிரசங்கி ஒரு காரியத்தைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போகும்போது, ஆச்சி சேலை முந்தானையின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போடுவாள். பெரும்பாலும் மூன்று முடிச்சுகள் விழும். நான்காவது விழுந்தால் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று நாங்கள் பிள்ளைகள் புரிந்துகொள்வோம். மதியம் அடுப்பங்கரைத் திண்ணையில் அரிவாள்மனையை மிதித்துக்கொண்டு, ஆட்டுக்கறிக் குழம்புக்குச் சின்ன வெங்காயம் நறுக்கியபடியே, இடையிடையே கையைத் துடைத்துவிட்டு முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பாள். முதல் முடிச்சை அவிழ்த்து, ‘ஐயர் என்ன சொன்னாரு?’ என்று எங்களைக் கேட்பாள். நாங்கள் விழித்தால் அவளே சொல்வாள். வெங்காயத்துக்கா வசனத்துக்கா என்று தெரியாதபடி கண்ணில் நீர் வழியும். ஒருநாள், அவிழ்க்காமல் ஒரு முடிச்சு மட்டும் முந்தானையில் அப்படியே இருந்தது. என்ன ஆச்சி என்று கேட்டதற்கு, ‘இது எனக்கு மட்டும் சொன்னதுலே, மக்கா. செஞ்சுட்டு அவிழ்க்கணும்’ என்றாள். புதன்கிழமைவரை அந்த முடிச்சு இருந்தது. அன்று மாலை, பல மாதங்களாகப் பேசாதிருந்த எதிர்வீட்டுக்காரிக்கு ஒரு கிண்ணத்தில் பதநீர்க் கூழ் கொண்டுபோனாள். திரும்பி வரும்போது முந்தானை நேராக இருந்தது.

1647-இல் முடிக்கப்பட்ட, திருச்சபைப் போதனை நூலான வெஸ்ட்மின்ஸ்டர் பெரிய வினாவிடையில் 160-ஆம் கேள்வி, பிரசங்கத்தைக் கேட்கிறவர்களிடம் எதிர்பார்க்கப்படுவது என்ன என்பது. முயற்சியோடும் ஆயத்தத்தோடும் ஜெபத்தோடும் வருதல், கேட்டதை வேதத்தோடு ஒத்துப்பார்த்தல், சாந்தத்தோடு ஏற்றல், தியானித்தல், மற்றவர்களோடு அதைப்பற்றி உரையாடுதல், இருதயத்தில் காத்தல், வாழ்வில் கனி தருதல் என்று அதன் விடை நீளும். அதைப் படித்தபோது, இறையியல் அறிஞர்கள் அந்தக் குளிர்நாட்டு மண்டபத்தில் உட்கார்ந்து எழுதியதை ஆச்சி அரிவாள்மனைமேல் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாளே என்று வியந்தேன். அட்வெந்து இரண்டாம் ஞாயிற்றுக்கென்று 1549-இல் இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் கிரான்மர் அமைத்த சுருக்க ஜெபத்திலும் வேதவாக்கியங்களைக் கேட்டல், வாசித்தல், குறித்துக்கொள்ளல், கற்றல், உள்ளே செரித்துக்கொள்ளல் என்ற வரிசையில் கேட்டலே முதலில் நிற்கிறது. வாசிப்பை முதலில் வைக்கும் பழக்கம் என்னைப்போன்ற படித்தவர்களுக்கு. அந்த வரிசை ஆச்சிகளுக்கு ஏற்றது.

கெட்ட நோக்கத்தோடு கேட்டாலும் பயனுண்டா என்று ஒருவர் கேட்கலாம். உண்டு என்றே சொல்லத் தோன்றுகிறது, அதற்கும் சாட்சி அகுஸ்தீனே. 384-இல் மிலான் நகருக்குப் பேச்சுக்கலை ஆசிரியராகப் போனவர், பேராயர் அம்புரோசுவின் பேச்சுத்திறம் சொன்ன அளவுக்கு இருக்கிறதா என்று பார்க்கத்தான் கோயிலுக்குப் போனார். சொற்களில் லயித்து, பொருளை அலட்சியமாக விட்டுவிட்டு உட்கார்ந்திருந்ததாக அவரே எழுதுகிறார். ஆனால் சொல்லையும் பொருளையும் அவரால் பிரிக்க முடியவில்லை. எவ்வளவு நயமாகப் பேசுகிறார் என்று திறந்த வாசல் வழியாக, எவ்வளவு உண்மையாகப் பேசுகிறார் என்பதும் மெல்ல மெல்ல உள்ளே வந்துவிட்டது. 387 ஈஸ்டரில் அதே அம்புரோசுவின் கையால் ஞானஸ்நானம் பெற்றார். நான் தலைகீழான அகுஸ்தீன். நயமற்ற பேச்சைத் திருத்த உட்கார்ந்தவன். இருந்தும், அந்த நாற்பத்திரண்டு மதிப்பெண் பிரசங்கத்திலிருந்து ஐந்தே சொற்கள் என் விலாவில் மாட்டிக்கொண்டன.

அந்தச் சொற்களில் இன்னொன்றும் இருந்தது. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ என்று நிதானமாக வாசித்தபோது, இத்தனை ஆண்டுகளாக அதைத் திருப்பி வாசித்திருக்கிறேன் என்று கண்டேன். தம்பிமேல் எனக்குக் குறை உண்டு, அதை நான் மன்னித்துவிட்டேன், ஆகையால் நான் காணிக்கை போடலாம் என்பது என் கணக்கு. வசனம் அதைக் கேட்கவே இல்லை. அவனுக்கு என்மேல் குறை உண்டா என்று கேட்கிறது. அதற்கு விடை என்னிடத்தில் இல்லை, மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. இலக்கண ஆசிரியனுக்கு வேற்றுமை உருபு தப்பியது என்றால் அது மறதியினால் அல்ல.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மாலை தம்பி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றவனைப் பார்த்து அவன் ஒரு கணம் யோசித்தான்; பிறகு, ‘உள்ளே வாங்க, அண்ணே’ என்றான். உட்கார்ந்தேன். அப்பா சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அன்றும் நினைவிருந்தது என்று சொன்னேன். மதிலை எடுத்துவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, ‘பாதை போனா போகுது, அண்ணே. அப்பா சொன்னதே இல்லைன்னு சொன்னீங்களே, அதுதான்’ என்றான். எட்டு ஆண்டுகளாக நான் நிலத்தகராறு என்று நினைத்துக்கொண்டிருந்தது அவனுக்கு நிலத்தகராறே இல்லை. அப்பாவின் கடைசி வார்த்தையைக் கேட்ட இரண்டு பேரில் ஒருவர் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டதால், தான் ஒருவனே பொய்யனாக நின்ற வருத்தம் அது. காபி வந்தது. தம்பி மனைவி கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டாள். இன்றுவரை அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதற்கு அவளுக்கு உரிமை உண்டு. பொங்கலுக்கு முன் கொத்தனார் வந்து மதிலில் 3 அடி இடித்துத் திறந்தார்.

ஐயரிடம் இதைச் சொன்னேன், சொல்லவேண்டும் என்று தோன்றியதால். அவர் சற்றுக் கூச்சத்தோடு, அந்த வாரம் இரண்டு அடக்க ஆராதனைகள் இருந்ததால் சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குத்தான் குறிப்பெழுத உட்கார்ந்ததாகவும், பிரசங்கம் சரியாக வரவில்லை என்று தாமே வருந்தியதாகவும் சொன்னார். நான் ஈசலைப்பற்றி அவரிடம் சொல்லவில்லை.

இப்போது சனிக்கிழமை இரவே மறுநாள் வேதபாடங்களை வாசித்துவைக்கிறேன். கோயிலில் உட்கார்ந்தவுடன், ‘என் இருதயத்தை ஒருமுகப்படுத்தும்’ என்ற 86-ஆம் சங்கீதத்தின் வார்த்தையைச் சொல்லிக்கொள்கிறேன். இருதயம் பலமுகமாக இருப்பதைத் தாவீதே ஒப்புக்கொண்டு கேட்ட ஜெபம் அது. மனம் எழுந்துபோய்விட்டது என்று தெரிந்தால் அதைத் திட்டுவதில்லை. எந்த வார்த்தையில் எழுந்தாய் என்று மட்டும் கேட்டு, அந்த வார்த்தையை நோட்டில் குறித்துக்கொள்கிறேன். பல வாரங்களில் குறித்த வார்த்தை ஒன்றுமில்லாததாகவே இருக்கும். வெறும் வெயில், வெறும் பசி. சில வாரங்களில் அப்படி இருப்பதில்லை. மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு ‘வட்டி’ என்ற சொல்லைக் குறித்திருக்கிறேன்; அந்த விஷயம் இன்னும் முடியவில்லை.

மதில் திறந்தபின் வந்த முதல் ஞாயிற்றில், இனி மனம் எங்கும் போகாது என்ற நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். தம்பி அதே மூன்று வரிசை முன்னால் இருந்தான். ஐயர் யாக்கோபின் நிருபத்திலிருந்து, கண்ணாடியில் தன் சுபாவ முகத்தைப் பார்த்துவிட்டு மறந்துபோகிற மனுஷனைப்பற்றிப் பேசினார். பல்லி வந்தது. மழையில்லாததால் ஈசல் இல்லை. ஒரு கொசுவுக்காக அது வெகுநேரம் காத்திருந்தது. கைக்குட்டையின் நுனியில் நான் போட்டிருந்த இரண்டு முடிச்சுகளை, மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் அவிழ்த்துச் சொன்னேன். மூன்றாவது என்னவென்று அவளிடம்தான் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.